முதல் தண்ணீருக்கு ஒரு குழல்

என் வயதுக்காரரே, உங்களில் யாருக்கேனும் இப்படி ஆவதுண்டா? வானொலியில் புல்லாங்குழல் தொடங்கினால் நான் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன். அடுப்பில் கறி கொதித்தாலும், பஸ்ஸில் ஒற்றைக் காலில் நெரிபட்டு நின்றாலும் அப்படித்தான். ஊதுகிறவர் மூச்செடுக்கும்வரை நானும் எடுப்பதில்லை. "அம்மா திரும்பவும் தண்ணிக்குள்ளை போயிட்டா" என்று என் பிள்ளைகள் பகிடி பண்ணுவார்கள். அவர்களுக்குக் காரணம் சொன்னதில்லை. உங்களுக்குச் சொல்லலாம். லாம்புச் சிமினியைச் சாம்பல் போட்டுத் துடைத்தவர்கள் நீங்கள். காய்ச்சல் வந்தால் கொத்தமல்லி அவித்துக் குடித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர்கள். ஒரு வீட்டில் நல்ல மனிதர்களே கூடியிருந்து ஒரு பிள்ளையைத் தவறாக விளங்கிக்கொள்ள முடியும் என்பது உங்களுக்குத் தெரியும்.

இது ஓர் இசையைப் பற்றியது. ஒரு புல்லாங்குழலுக்கும் சில தந்தி வாத்தியங்களுக்குமாக அப்பா அமைத்தது. அதில் பாட்டு இல்லை, சொல் இல்லை, தட்டி நடத்த மிருதங்கம் இல்லை. அதைக் கேட்டவர்கள் எல்லோரையும் ஒரு மாட்டு வண்டியில் ஏற்றிவிடலாம். ஏற்றினாலும் வண்டியில் இடம் மிஞ்சும்.

அப்பா இரணைமடுக் குளத்தில் நீர்ப்பாசன ஓவசியர். குளக்கட்டின் கீழே, பெரிய வாய்க்கால் வாசலைத் தொட்டுக்கொண்டு ஓடுகிற அரசாங்க வீடு எங்களுக்கு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்களுக்கு எந்த நாளில் எந்த வயலுக்கு எவ்வளவு தண்ணீர் என்பது அப்பாவின் கையில் இருந்தது. குளத்திலிருந்து தண்ணீர் விடுகிற துருசுக் கதவைத் திறக்கிற இரும்புச் சக்கரத்தின் சாவி அவருடைய இடுப்பில் தொங்கும். வாய்க்கால் வரம்பில் குந்தியிருந்து தண்ணீரின் சத்தத்தைக் கேட்பார். கேட்டுவிட்டு, "மேலை ஆரோ வெட்டிப்போட்டான்" என்று சைக்கிளை எடுப்பார். போய்ப் பார்த்தால் யாரோ வரம்பை வெட்டித் தன் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருப்பான். கீழே குறைந்தால் மேலே களவு. அப்பாவின் உலகத்தில் தண்ணீர் வேறு வழியில் குறையாது. இதை மறந்துவிடாதீர்கள்.

இளவயதில் யாழ்ப்பாணத்தில் வயலின் படித்தவர். எனக்கும் ஒரு சின்ன வயலின் வாங்கித் தந்து, என் விரல் நுனியில் தழும்பு வரும்வரை வாசிக்க வைத்தார். அக்காவுக்கு யாரும் ஒன்றும் வாங்கிக் கொடுக்கவில்லை. நல்லூர்த் திருவிழாக் கடையில் எனக்கு விளையாட வாங்கிய மூங்கில் குழலை அவள் எடுத்தாள். எடுத்தவள் திருப்பித் தரவில்லை.

அவளுடைய மூச்சு நீளமானது. வாய்க்காலில் பூவரசம் இலையைப் போட்டுவிட்டு, குழலை ஒரே மூச்சில் ஊதிக்கொண்டு இலையோடு நடப்பாள். வாய்க்காலுக்கு மேலே பாதை போகிற அடுத்த மதகின் கீழே இலை புகும்போதுதான் மூச்சு முடியும். நான் ஊதாமலே, வெறும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடிப் பார்த்திருக்கிறேன். பாதி வழியில் வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிடுவேன். "எடி, நீ மூச்சைப் பூட்டி வைக்கிறாய். நான் செலவழிக்கிறன்" என்று சிரிப்பாள். சிரிக்கும்போது முன்பல்லில் ஒரு சின்ன உடைவு தெரியும். காற்று அதன் வழியாகத்தான் வருகிறது என்று அப்போது நம்பினேன்.

*

ஐப்பசியில் குளத்து இஞ்சினியருக்கு இடமாற்றம் வந்தது. தனி ஆள். கொழும்பிலிருந்து கிராமபோன் கொண்டுவந்து வைத்திருந்தவர். போகுமுன் எங்களைத் தன் பங்களாவுக்கு அழைத்து ஓர் இசைத்தட்டைப் போட்டார். யாரோ வெள்ளைக்காரர் புதிதாக அமைத்ததாம். ஒரு குழல், பல வயலின்கள். குழல் முன்னால் தனியே போகிறது. வயலின்கள் தூரத்தில், வரலாமா என்று கேட்கிற மாதிரி நிற்கின்றன. அப்பாவின் தேநீரில் ஆடை படிந்தது. அவர் குடிக்கவில்லை. தட்டு முடிந்தபின்னும் ஊசி கிரீச்சிட்டுக்கொண்டு கிடந்தது. எவரும் எழும்பவில்லை.

திரும்பி வரும்போது நான் சைக்கிள் பாரில், அக்கா பின்னால் கரியரில். மதகடியில் அப்பா இறங்கி நின்றார்.

"உது எங்கட முதல் தண்ணி மாதிரியெல்லே கிடக்கு" என்றார்.

முதல் தண்ணீர் எப்படி வரும் என்று வயல் கரையில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கோடைப் பயிரான சிறுபோகத்துக்கு முன் வாய்க்கால் காய்ந்து, களி வெடித்துக் கிடக்கும். பங்குனியில் நல்ல நாள் பார்த்து, குளக்கட்டில் பொங்கிப் படைத்து, துருசைத் திறப்பார்கள். தண்ணீர் பாய்ந்து வராது. ஊர்ந்து வரும். சருகு, வைக்கோல், நுரை, பயந்துபோன எறும்புகள் எல்லாவற்றையும் முன்னால் தள்ளிக்கொண்டு, ஒவ்வொரு வெடிப்பிலும் இறங்கி அதை நிரப்பிவிட்டுப் பிறகுதான் அடுத்த அடி வைக்கும். சத்தம் இராது. பிள்ளைகள் நாங்கள் அதற்கு முன்னால் பின்பக்கமாக நடப்போம். வயல்களில் ஏறிய பிறகுதான் சத்தம். தவளை, கொக்கு, மண்வெட்டி, மனிதர்கள்.

அந்த ஊர்ந்து வரும் தண்ணீர் குழல். வயல்கள் வயலின். அவ்வளவுதான் அப்பாவின் யோசனை. குழலின் முதல் வரியை அக்காவின் மூச்சை அளந்து வைத்தார். இலை மதகுக்குப் போகிற நீளம். அந்த நீளம் முழுக்கக் குழல் தனியே. அது முடிகிற இடத்தில், அவள் மூச்செடுக்கிற அந்தக் கணத்தில், நாங்கள் மெல்ல நுழைய வேண்டும். அவள் மூச்செடுத்தது யாருக்கும் தெரியக் கூடாது.

விறாந்தைச் சுவரில் கரிக்கட்டியால் எழுதினார். அரசாங்கச் சுவர். வெள்ளையடித்த சுவரில் ஸ்வரங்கள் எறும்பு வரிசை மாதிரிப் போயின. அம்மா தலையில் கை வைத்தா. "அடுத்த ஓவசியர் வந்து கேட்டா என்னெண்டு சொல்லுறது?" என்றா. அவருக்குப் பாடிக் காட்டும் என்று அப்பா சொன்னார்.

*

வாசிக்க ஆட்கள் வேண்டுமே. கிளிநொச்சித் தபாற்கந்தோரில் ஒரு மாமா இருந்தார். சொந்த மாமா இல்லை. தேவாலயத்தில் வயலின் படித்தவர். முத்திரை குத்துகிற கையால் வில் பிடிப்பதால் சில இடங்களில் ஓசை தபால் மாதிரி விழும். பிறகு வெள்ளைக்காரச் சுவாமியார், கத்தோலிக்கப் பாதிரியார். எங்கள் ஆட்களிடையே நீண்ட காலம் இருந்தும் புத்தகத் தமிழை விடாதவர். அவரிடம் ஒரு பெரிய வயலின் இருந்தது. முழங்காலுக்கிடையில் வைத்து வாசிப்பது. அதில் ஒரு தந்தி அறுந்துபோய், முல்லைத்தீவுக் கடற்கரையில் யாரோ கொடுத்த தங்கூசியைக் கட்டியிருந்தார். மீன் பிடிக்கிற நைலோன் நூல். அந்தத் தந்தி மட்டும் கொஞ்சம் கடல் மாதிரி முனகும்.

அந்தப் பெரிய வயலினைச் சாக்குச் சுற்றி, உழவு மெசின் இழுக்கிற பெட்டியில் கொண்டுவந்து இறக்கியபோது வட்டக்கச்சிப் பக்கத்துச் சனம் கூடிவிட்டது. "சுவாமி, உது ஆரின்ரை சீதன அலுமாரி?" என்று ஒருவர் கேட்டார். "இதற்கு இன்னும் மாப்பிள்ளை அகப்படவில்லை" என்று சுவாமியார் சொன்னார். அன்றிலிருந்து அவரை எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று.

தை பிறந்ததும் பின்னேரங்களில் வாசிப்பு. தண்ணீர் திறக்கிற நாளில், பொங்கல் கொதித்து வரும் நேரத்தில், குளக்கட்டில் வாசிப்பதாகக் கமக்காரர் கூட்டத்தில் ஒப்புக்கொண்டார்கள். தலைவர் மட்டும், இடையில் ஒரு படப்பாட்டும் வந்தால் சனம் கலையாது என்று அப்பாவிடம் தனியாகச் சொல்லிப் பார்த்தார். வேறு கதைகளும் வந்தன. ஓவசியற்றை மூத்தவள் நாலு ஆம்பிளையள் முன்னால் வாய் வைத்து ஊதப் போகிறாளாம் என்று. அம்மாவின் காதில் அது கிணற்றடியில் விழுந்தது. அம்மா வீட்டுக்கு வந்து குடத்தை இறக்கிவிட்டு, அக்காவுக்குப் புதிதாகத் தைக்கக் கிடந்த சட்டைத் துணியை எடுத்து, கழுத்தை இன்னும் மேலே ஏற்றி வெட்டினா. எதிர்ப்பும் சம்மதமும் அம்மாவிடம் ஒரே கத்தரிக்கோலில் இருந்தன.

அக்காவுக்கு வேறு கவலை இல்லை. அந்தக் குளக்கட்டில், அந்தச் சனத்தின் முன்னால், அந்த முதல் வரியை ஒரே மூச்சில் ஊத வேண்டும். பாயில் படுத்திருக்கும்போதும் அவளுடைய விரல்கள் போர்வையின் மேல் திறந்து மூடிக்கொண்டிருக்கும்.

*

எப்போது தொடங்கியது என்று இப்போது பின்னோக்கித் தேடுகிறேன். அந்த ஐப்பசிக்கு இரண்டு வருஷம் முந்திய மாரியில் அவளுக்கு முழங்கால் வீங்கிக் காய்ச்சல் வந்தது. முழங்கால் வற்ற, கணுக்கால் வீங்கிற்று. வளர்கிற பிள்ளைக்கு வருகிற நோவு என்று நாட்டு வைத்தியம் பார்க்கிற பரியாரியார் எண்ணெய் தந்தார். போயிற்று. அடுத்த மாரியிலும் வந்தது, அதுவும் போயிற்று. எண்ணெய்ப் போத்தல் மட்டும் யன்னலில் மிஞ்சியிருந்தது. நாங்கள் அதில் திரி போட்டு விளக்குக் கொளுத்தினோம்.

மாசியில் ஒருநாள் முதல் வரி முடியுமுன்னே குழல் நின்றது. அக்கா சிரித்துச் சமாளித்தாள். திரும்ப ஊதினாள். திரும்ப நின்றது. அடுத்த முறையும் அப்படித்தான். அப்பா சுவருக்குப் போய், உள்ளங்கையால் கடைசி ஸ்வரத்தை அழித்தார். எங்களை முன்கூட்டியே நுழையச் சொன்னார்.

தந்தி வாசிக்கிறவர்களுக்கு இது தெரியும்: நுழைகிற இடம் உடம்பில் பதிந்துவிடும். எனக்கு அது தோள்மூட்டில் இருந்தது. அந்த இடம் ஒவ்வொரு கிழமையும் எனக்குக் கிட்டக் கிட்ட வந்தது. சுவரில் வரி குறுக, அதன் நுனியில் கரிப்புகை மாதிரி ஒரு கறுப்புப் படிந்து பெருத்தது. சுருதியும் இறங்கிற்று. மூச்சின் பலம் குறைந்தால் குழலின் ஓசை தாழும். நாங்கள் எங்கள் தந்திகளைக் குழலுக்குச் சேர்ப்பவர்கள். "இறக்குங்கோ" என்பார் அப்பா. மாமா முறுக்காணியைத் தளர்த்துவார். சுவாமியார் தளர்த்துவார். நானும். ஒரு பிள்ளை மெல்லத் தாழ்ந்துகொண்டு போக, நாலு வாத்தியங்கள் சுருதி பிசகாமல் அவளோடு தாழ்ந்தன. அழகாகவும் இருந்தது. அதுதான் என்னால் தாங்க முடியாதது.

கீழே குறைந்தால் மேலே களவு. அப்பா மேலே போய்த் தேடத் தொடங்கினார்.

கிணற்றுக்குப் போகிற பாதையில் மதகுக் கட்டில் அக்கா தனியே உட்கார்ந்திருப்பதை அவர் இரண்டொரு தடவை கண்டிருக்கிறார். குடம் பக்கத்தில். முகம் வாய்க்காலைப் பார்த்தபடி. அவள் மூச்சு வாங்குவதற்காக இருந்தாள் என்று இப்போது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பாதையால் உழவு மெசின்காரப் பொடியன் ஒருவன் போய்வருவான் என்பதுதான் அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. அவன் பாவம், அக்காவை ஒழுங்காகப் பார்த்திருக்கவும் மாட்டான்.

ஒருநாள் வாசிப்பு முடிந்து மற்றவர்கள் போனபின் கேட்டார்.

"ஏன் பிள்ளை உதிலை இருக்கிறனி?"

"சும்மா, அப்பா."

"சும்மா ஒருத்தரும் மதகிலை இருக்கிறேல்லை. உன்ரை மூச்சு எங்கையோ போகுது. எங்கை போகுதெண்டு நான் கண்டுபிடிப்பன்."

அக்கா குழலைத் துடைத்துக்கொண்டு நின்றாள். ஏலாமல் இருக்கிறது என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொன்னால் அம்மா குழலைப் பறித்துவிடுவா. பெண்பிள்ளைக்கு வயிற்றிலிருந்து காற்றெடுப்பது கூடாது என்று அம்மா முதலிலிருந்தே சொல்லிவந்தவ. ஆகவே அக்கா பழியை ஏற்றுக்கொண்டாள். குழலை வைத்திருக்க அவளுக்கு அந்த ஒரு வழிதான் இருந்தது.

கிணற்றடிக்குப் போவது நின்றது. தோழி வீட்டுக்குப் போவது நின்றது. விடியற்காலையில் அப்பா அவளை எழுப்பி, குளக்கட்டின் படிகளில் ஏறி இறங்க வைத்து, பிறகு ஊதச் சொன்னார். மூச்சுப் பழகட்டும் என்று. அப்பா கொடுமைக்காரர் இல்லை. வெட்டுப்பட்ட வரம்பைக் களி போட்டு அடைக்கிற அதே அக்கறையோடு தன் மகளை அடைத்தார். படியில் அவள் ஏறுவதை நான் கீழே நின்று பார்த்திருக்கிறேன். பாதியில் நின்று, பின்னலை முன்னால் எடுத்துப் போட்டு, அதைச் சரிசெய்கிற மாதிரி நிற்பாள். அவ்வளவு நேரம் சரிசெய்ய அந்தப் பின்னலில் ஒன்றுமில்லை.

*

சுவாமியார்தான் கண்டார். அவர் அக்காவுக்கு மிகக் கிட்ட இருப்பவர். பெரிய வயலினை இருத்த இடம் அங்கேதான். ஒரு பின்னேரம், குழல் போய்க்கொண்டிருக்க, நாங்கள் நுழையுமுன், அவர் வில்லைக் கீழே வைத்துவிட்டார். அப்பா திரும்பிப் பார்த்தார்.

"ஓவசியர், இது சாதகக் குறைவு அல்ல" என்றார் சுவாமியார். "மகளின் கழுத்தைப் பாருங்கள். அந்த நரம்பு தாளத்தில் இல்லை."

அப்பா பார்த்தார். மாமா பார்த்தார். அம்மா தேத்தண்ணித் தட்டோடு கதவடியில் நின்று பார்த்தா. அத்தனை உயரமாகத் தைத்த சட்டைக் கழுத்துக்கு மேலேயும் அது தெரிந்தது. ஓடும், நிற்கும், இரண்டு மூன்றாக விழும், மறுபடி ஓடும். அதே விறாந்தையில் எத்தனை பின்னேரங்கள் தாளம் பிசகக் கூடாது என்று அப்பா என் முழங்காலில் தட்டியிருப்பார். அக்கா கையால் கழுத்தை மூடிக்கொண்டாள்.

மறுநாள் பரந்தனில் பஸ் ஏறி யாழ்ப்பாணம் போனார்கள். நான் போகவில்லை. பெரியாஸ்பத்திரியில் நடந்ததை அம்மா பின்னர் பல ஆண்டுகளாகத் துண்டு துண்டாகச் சொல்லியிருக்கிறா. முழங்கால் வீக்கத்தைப் பற்றி டொக்டர் முதலில் கேட்டாராம். காய்ச்சல் மூட்டுகளைத் தொட்டுவிட்டு இருதயத்தில் போய்க் குடியிருந்துவிட்டது என்றாராம். அப்பாவுக்கு விளங்கட்டும் என்று, இருதயத்துக்குள் கதவுகள் இருக்கின்றன, இவளுக்கு ஒரு கதவு சரியாகப் பூட்டுவதில்லை, போகிற இரத்தம் திரும்பக் கசிகிறது என்று விளக்கினாராம். அப்பா என்ன உத்தியோகம் என்று அந்த டொக்டருக்குத் தெரியாது.

அப்பா, "கதவை மாத்த ஏலாதோ ஐயா?" என்று கேட்டாராம். துருசுக் கதவு கழற்றி மாற்றிய மனிதர்.

"இஞ்சை ஏலாது" என்றாராம் டொக்டர். குளிசை எழுதிக் கொடுத்து, பாரம் தூக்க வேண்டாம், படி ஏற வேண்டாம், குழல் ஊதவே வேண்டாம் என்று அனுப்பினாராம்.

திரும்பி வந்த பஸ்ஸில் அப்பா அக்காவின் பக்கத்தில் இருக்கவில்லையாம். கடைசி ஆசனத்தில் தனியே இருந்து வந்தாராம். அம்மா இதைச் சொல்லும்போது கோபமாகச் சொல்லமாட்டா. "அந்தப் படியளிலை ஏத்தினதை நினைச்சிருப்பர்" என்று மட்டும் சொல்லுவா.

*

அம்மா குழலை எடுத்து நெல் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்தா. அப்பா சுவரை அழிக்க ஈரத்துணியோடு போனார். அக்கா கட்டிலில் தலையணைகளை உயர்த்தி வைத்துச் சாய்ந்திருந்தாள். அந்த நாட்களில் அவளால் நேரே படுக்க முடியாது. அங்கிருந்து விறாந்தைச் சுவர் தெரியும்.

"அப்பா" என்று கூப்பிட்டாள்.

அவர் துணியோடு நின்றார்.

"தண்ணி குறைஞ்சா முறை வைச்சுக் குடுப்பியள் தானே. எனக்கும் குறைச்சுத் தாங்கோ. பூட்டிப்போடாதேங்கோ."

அப்பா துணியைக் கீழே போட்டார். நிலத்தில் இருந்து அழுதார். என் அப்பா அழுததை நான் அன்றுதான் பார்த்தேன். அம்மா உள்ளே போனா. மூட்டைகள் இழுபடும் சத்தம் கேட்டது. குழலைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு வந்து, அக்காவின் மடியில் வைத்தா. "மெல்ல ஊது பிள்ளை" என்றா. அம்மா அந்தக் குழலைத் தொட்டுக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

பிறகு அப்பா அமைத்ததை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். வேறு யாரிடம் சொல்வேன் இதை. முதல் வரியை எடுத்து, அவளால் முடிந்த சின்னச் சின்ன மூச்சுகளாக வெட்டினார். ஒவ்வொரு மூச்சும் முடிகிற இடத்தில் ஒரு தந்தி அதே ஸ்வரத்தைத் தொட்டுப் பிடித்துக்கொள்ளும். அவள் விட்டதை மாமா பிடிப்பார். மாமா விட்டதை நான். நான் தளரும் இடத்தில் சுவாமியாரின் தங்கூசித் தந்தி கீழிருந்து தாங்கும். அதற்குள் அக்கா ஒரு வாய் காற்று எடுத்திருப்பாள். கண்ணை மூடிக் கேட்டால் அதே வரி, அதே மதகுவரை, ஒரே மூச்சு. அவளை நடுவில் வைத்து எல்லோருமாகத் தூக்கிக்கொண்டு நடந்தோம்.

பங்குனியின் நடுவில் கடைசியாக வாசித்தோம். கட்டிலை விறாந்தைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அவளுடைய கால்கள் வீங்கியிருந்தன. உதட்டில் நாவற்பழம் தின்ற நிறம். குழலை எடுத்து ஒரே ஒரு ஸ்வரத்தை ஊதினாள். அது இறங்கி, காற்றாகி, நின்றது. மாமா பிடித்தார். நாங்கள் போனோம். அவள் திரும்ப ஊதவில்லை. ஆனால் குழலை வாயிலிருந்து எடுக்கவும் இல்லை. விரல்கள் மட்டும் முழு வரியையும், பிறகு அடுத்ததையும், முடிவுவரை திறந்து மூடிக்கொண்டு போயின. அப்பா அந்த விரல்களைப் பார்த்தபடி வாசித்தார். முடிந்ததும் அக்கா என்னைப் பார்த்து, "மதகு வந்திட்டுது என்ன" என்றாள்.

"ஓமக்கா" என்றேன்.

அந்தக் கிழமையே, ஒரு காலையில், அம்மா அவளுக்குத் தலைவாரிக்கொண்டிருக்கும்போது போனாள். பின்னல் பாதியில் நின்றது.

*

தண்ணீர் திறக்கிற நாள் எங்கள் துடக்கு நாட்களுக்குள், சாவுத் தீட்டுக்குள், வந்தது. துடக்குக்காரர் பொங்கலுக்குப் போகக் கூடாது, துருசைத் தொடக் கூடாது. அப்பா சாவியை முற்றத்து மண்ணில் வைக்க, ஓர் ஆள் குனிந்து எடுத்துக்கொண்டு போனான். குளக்கட்டில் வெடி கேட்டது. அங்கே எங்களுக்குப் பதிலாக என்ன நடந்ததென்று நான் கேட்டதில்லை.

மாமாவும் சுவாமியாரும் வந்திருந்தார்கள். வாத்தியங்கள் கடைசியாக வாசித்த அன்றைக்கு வைத்தபடி எங்கள் வீட்டிலேயே கிடந்தன. எடுத்துப் போக ஒருவருக்கும் மனம் வரவில்லை. அப்பா சவரம் செய்யாத முகத்தோடு விறாந்தைக்கு வந்து, வயலினை எடுத்துச் சுருதி கூட்டத் தொடங்கினார். ஏற்றினார். இன்னும் ஏற்றினார். அது அக்காவின் பழைய சுருதி, தையில் தொடங்கியபோது இருந்த உயரம். மாமா ஒன்றும் கேட்காமல் தன் முறுக்காணியைத் திருகினார். சுவாமியாரின் தங்கூசி முறிந்துவிடும் போல முனகிற்று. என்னுடையதை அப்பாவே கூட்டித் தந்தார்.

"முதல் எழுதினபடி" என்றார். "வெட்டினது வேண்டாம். அவளின்ரை இடத்திலை முழு மூச்சுக்கும் நில்லுங்கோ."

நினைவிருக்கிறதா, அந்த இசை குழலோடுதான் தொடங்குகிறது. குழல் மட்டும். ஆகவே நாங்கள் வில்லைத் தூக்கிக்கொண்டு நின்றோம்.

செத்த வீட்டில் இசையா என்று கேட்க வேலிக்கு அப்பால் ஒரு மனுசி வந்து நின்றதைக் கண்டேன். அம்மா வாசலுக்குப் போனா. "அவை வாசிக்கேல்லை, பிள்ளை. காத்துக்கொண்டு நிக்கினம்" என்று அம்மா மெதுவாகச் சொன்னது கேட்டது. மனுசி படலையைப் பிடித்தபடி அங்கேயே நின்றுவிட்டாள்.

அந்த நேரம் வாய்க்காலில் முதல் தண்ணீர் வந்தது. பிள்ளைகள் அதற்கு முன்னால் பின்பக்கமாக நடந்து வந்தார்கள். எங்கள் வீட்டருகில் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். சருகும் நுரையும் எறும்புகளும். சத்தமே இல்லை. வெடிப்புகளில் இறங்கி, நிரப்பி, ஊர்ந்து, வாசலைத் தாண்டி மதகை நோக்கிப் போயிற்று. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இந்த முறையாவது மதகுவரை பிடிக்க வேண்டும் என்று நினைத்தேன். நெஞ்சு அடைத்தது. கண்ணில் நீர் முட்டிற்று. முடியாமல் வாயைத் திறந்து மூச்செடுத்துவிட்டு, நுழைகிற இடம் தவறிவிட்டதோ என்று பயந்து அப்பாவைப் பார்த்தேன்.

அப்பாவின் வில் தந்தியைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அக்காவின் மூச்சு இன்னும் முடியவில்லை.